காயாத வத்தல்

டெல்லி ஜூன் வெயிலில் காயாத பொருள் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஈரத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், துண்டு பொரித்த அப்பளமாட்டம் விறைத்துக் கிடக்கும். அப்பேர்ப்பட்ட வெயிலில் மூன்று நாளாகக் கிடந்தும், கத்தரி வத்தலில் ஒரு மூலை மட்டும் காயவில்லை.

ஆர்.கே.புரத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பெலிக்ஸுக்கு மேல்மாடி வீடு. மொட்டைமாடிச் சாவி எப்போதும் அவன் கையில்தான் இருக்கும். அங்கே ஒரு கயிற்றுக் கட்டிலைப் போட்டு, பழைய வேட்டியை விரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கிய கத்தரிக்காயை உப்பும் மஞ்சளும் போட்டு ஒரு கொதி விட்டுப் பரப்பியிருந்தான். மற்றதெல்லாம் சருகாகி, கையில் அள்ளினால் கலகலவென்றது. தெற்கு மூலையில் ஒரு பத்துத் துண்டு மட்டும் கறுத்து, உப்பி, கொழகொழவென்று கிடந்தது. ஒன்றைத் தொட்டான். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. வாழ்நாளில் எத்தனையோ வத்தல் போட்டவன், பழக்கதோஷத்தில் விரலை மூக்குக்குக் கொண்டுபோனான்.

சீ! கத்தரிக்காய் அழுகினால் அந்த நாற்றம் வராது. நாலு நாள் கழற்றாத ஈர பூட்ஸிலிருந்து காலை உருவி எடுத்தால் வருகிற நாற்றம் அது; புளித்த தோலும் சீழும் நனைந்த கம்பளியும் சேர்ந்த நாற்றம். பெலிக்ஸுக்கு அது புதிதில்லை. ஒரு தடவை முகர்ந்திருக்கிறான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, வந்த ஓக்காளத்தை அடக்கிவிட்டு, வேட்டி நுனியிலேயே விரலைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தான்.

வத்தல் எதற்கென்றால், செப்டம்பர் இமயமலைப் பயணத்துக்கு. எட்டு நாள், இரண்டு உயரமான கணவாய்கள், கிளம்பின கிராமத்துக்கே சுற்றிக்கொண்டு திரும்புகிற ஒரு வட்டம். குதிரை கிடையாது, கூலியாள் கிடையாது, எல்லாம் அவரவர் முதுகில்தான். அதனால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூற்றைம்பது கிராம் சாப்பாடு என்று பெலிக்ஸ் கணக்கு வைத்திருந்தான். அந்தக் கணக்குக்கு வத்தலைவிடத் தோதான பொருள் எது? ஜூலையில் மழை பிடித்தால் பூஞ்சை பூத்துவிடும் என்று ஜூனிலேயே எல்லாவற்றையும் காயவைத்துப் பொட்டலம் கட்டி, எந்த நாள் எந்த வேளை என்று எழுதி வைத்துவிடுவான். கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லார் பையையும் கொட்டி, தராசில் வைத்து, வேண்டாததை எடுத்து வெளியே போடுவதும் அவன்தான். "கிராம் பெலிக்ஸு" என்று கூட வரும் சிநேகிதன் ஆல்பர்ட் கேலி பண்ணுவான்.

போன செப்டம்பரிலும் இதே வட்டத்தைத்தான் போனார்கள். பெலிக்ஸ், ஆல்பர்ட், ஜகந்நாதன், மூன்று பேரும் ஒரே ஆபீஸ். ஜகந்நாதன் முதல் கணவாய்க்கு முன்னாலேயே தலைவலி, வாந்தி என்று இறங்கிவிட்டார். ஆறாம் நாள், இரண்டாவது கணவாய்க்குக் கீழே பனி பிடித்துக்கொண்டது. ஆடு மேய்ப்பவர்கள் கல்லடுக்கிக் கட்டிய ஒரு குடிசையில் ஆல்பர்ட் செத்துப்போனான். "எம் மடியிலதான் உசுரு போச்சு. வயிறார சாப்பிட்டுட்டு, செபம் சொல்லிட்டுத்தான் போனான். தூங்குற பையோட அவனைக் கிடத்தி, மேல கல்லடுக்கி மூடிட்டு வந்தேன்" என்று பெலிக்ஸ் ஊருக்கெல்லாம் சொன்னான். மீட்புக்குழு போவதற்குள் பாதையைப் பனி மூடிவிட்டது. அவர்களும் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

அத்தனையும் பச்சைப் பொய். பெலிக்ஸ் கிளம்பும்போது ஆல்பர்ட் உயிரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியுமில்லை, செபமுமில்லை, ஒரு கல்லைக்கூட அடுக்கவில்லை. ஆல்பர்ட்டின் பையிலிருந்த மாற்றுக் கம்பளி சாக்ஸை இருநூறு கிராம் மிச்சம் என்று டெல்லியிலேயே எடுத்துப் போட்டவன் பெலிக்ஸ். நாலு நாள் ஈரத்தில் நடந்த அந்தக் கால்களில் விரல்கள் பத்தும் கரிக்கட்டையாகியிருந்தன. அவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவனுடைய தூங்கும் பையையும் எடுத்துத் தன் முதுகில் கட்டிக்கொண்டு, ஒரே ஒரு பொட்டலத்தை மட்டும் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு பெலிக்ஸ் வெளியே வந்தான்.

"எப்பலே வருவ?" என்றான் ஆல்பர்ட்.

"நாளைக்கு வந்துருவேன் மக்கா."

இப்போது ஆல்பர்ட்டின் மனைவி எவாஞ்சலின் ஒற்றைக்காலில் நிற்கிறாள், அந்தக் கல்மேட்டைப் பார்த்தே ஆகணும், எலும்பையாவது எடுத்துக்கொண்டு வந்து தூத்துக்குடியில் குடும்பக் கல்லறையில் வைக்கணும் என்று. நீங்க கூட்டிட்டுப் போகலைன்னா அங்க உள்ள வழிகாட்டி யாரையாவது பிடிச்சுப் போய்க்கிடுதேன் என்கிறாள். போனால் என்ன ஆகும்? கல்மேடு இருக்காது. தூங்கும் பை இருக்காது. ஒரு மனுஷன் எத்தனை நாள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதற்கு என்னென்ன அடையாளம் கிடக்குமோ. அதனால் பெலிக்ஸ் தானே கூட்டிப்போகிறேன் என்று ஒப்புக்கொண்டான்.

ஒப்புக்கொண்டவன் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, மஞ்சள் பேனாவால் வட்டத்தைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போட்டான். அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் ஒரு மேய்ப்பர் குடிசை உண்டு, பக்கத்திலேயே பழைய கற்குவியல் ஒன்றும் உண்டு. அவனே பார்த்திருக்கிறான், கீழே கிடப்பது ஆடோ ஆளோ தெரியாது. அதைக் காட்டி, இதுதான் ஆல்பர்ட் என்று சொல்லி, நாலு எலும்பைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டால் முடிந்தது. மலையில் எல்லாப் பள்ளத்தாக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அவளுக்கு என்ன தெரியப்போகிறது? இப்படி ஒரு திட்டம் போட்ட கையைப் பார்க்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் போட்டான்.

புதன்கிழமை மத்தியானம், லீவு போட்டு வீட்டிலிருந்த பெலிக்ஸுக்கு எவாஞ்சலின் போன் பண்ணினாள். அவள் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கோடை விடுமுறை என்பதால் நாள் பூராவும் இதே நினைப்பு அவளுக்கு.

"அண்ணே, ஆறாம் நாள் ராத்திரி அந்தக் குடிசையிலதான தங்குதோம்?"

"ஆமா."

"நான் மாதாவுக்கு நேர்ந்திருக்கேன் அண்ணே. அவுக கடைசியாச் சாப்பிட்ட அதே வத்தக்குழம்பு, அதே இடத்துல காய்ச்சி, அப்புறந்தான் நான் வாயில வைக்கணும். அதுவரைக்கும் வத்தலைச் சமைச்சாலும் தின்ன மாட்டேன். சனிக்கிழம சோதனைச் சமையல்தான? வந்துருதேன்."

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெந்நீரில் ஊறவைத்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பொட்டலம் கட்டினவன்தான் முதலில் சாப்பிட வேண்டும். ஏதாவது கெட்டிருந்தால் அவன் வயிறுதான் கெடட்டும் என்று ஆல்பர்ட் விளையாட்டாகப் போட்ட சட்டம் அது. சரி என்று சொல்லி பெலிக்ஸ் போனை வைத்தான். வைத்த கையோடு நிமிர்ந்தான். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மாட்டின அந்தத் தகரப் பெட்டி, வெளிக்காற்றை இழுத்து, ஈர வைக்கோல் வழியாக உள்ளே தள்ளும், எப்போதும் புல் வாசனை வரும். இன்றைக்கு அந்தக் காற்றில் கால் நாறியது.

பொண்டாட்டி இன்பராணி பிள்ளைகளோடு ஊருக்குப் போயிருந்தாள். எலி செத்திருக்குமோ என்று அவன் கூலரைக் கழற்றிப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் பார்த்தான், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தான். ஒன்றுமில்லை. இன்பராணிக்குப் போன் பண்ணினான். நர்ஸ் வேலை பார்க்கிறவள், நாற்றத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததில்லை.

"எப்படி நாறுது?" என்று கேட்டாள்.

"கால் அழுகுன மாதிரி."

"உங்க காலத்தான் முதல்ல கழுவுங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

மாடிக்கு ஏறினான். மணி மூன்று. வெயில் தகதகவென்று கொதித்தது. மலைமந்திர் கோபுரம் வெயிலில் நடுங்கித் தெரிந்தது, ஒரு காக்காய்கூட இல்லை. செருப்பில்லாமல் நின்றால் தோல் உரிந்துவிடுகிற சிமெண்டுத் தரையில், தண்ணீர்த்தொட்டி நிழலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரத்தடம் இருந்தது. குதிகால், நடுப்பாதம், முன்பாதம். மறுபடி குதிகால், நடுப்பாதம், முன்பாதம். யாரோ குளித்துவிட்டு நடந்த மாதிரிதான். விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. முன்பாதம் மொட்டையாக முடிந்தது. அந்த வெயிலில் கண்ணிமைக்கும் நேரத்தில் உலர்ந்திருக்க வேண்டிய தடங்கள், அவன் பார்க்கப் பார்க்க அப்படியே ஈரமாக இருந்தன.

அவன் வேட்டியின் மூலையைப் பார்த்தான். பார்க்காமலே இருந்திருக்கலாம். பத்துத் துண்டும் இரண்டு வரிசையாக, ஐந்தும் ஐந்துமாக அடுக்கியிருந்தது. ஓரத்தில் பெரிசு, அப்புறம் சிறிசு சிறிசாக. பெரிசின் நுனியில் மஞ்சளாக ஒரு தகடு பாதி பெயர்ந்து, ஓரத்தில் அழுக்கு அடைந்து, அடியில் வெள்ளையாக என்னவோ கசிய நின்றது. கத்தரிக்காய்க்கு நகம் முளைக்குமா?

வாந்தி எடுத்தான். காலையில் குடித்த டீ, பாதி செரித்த ரொட்டி, எல்லாம் சிமெண்டில் விழுந்து சுரீரென்று காய்ந்தது. அது காய்கிறது! பக்கத்திலேயே அந்தப் பத்தும் மினுமினுவென்று ஈரமாகக் கிடக்கிறது!

வெள்ளிக்கிழமை காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு காரியம் பண்ணினான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, காய்ந்தது காயாதது என்று பார்க்காமல் வேட்டியோடு சுருட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் திணித்தான். கட்டும்போது உள்ளே ஏதோ நழுவி அவன் உள்ளங்கையில் முட்டியது. கீழே ஓடிப்போய், குப்பை வண்டியை நிறுத்தி, தன் கையாலேயே உள்ளே போட்டுவிட்டு, வண்டி சந்து திரும்புகிறவரை நின்று பார்த்தான். கட்டிலைக் கழுவினான். மாடியைக் கழுவினான். குளித்தான். மத்தியானத்துக்குள் நாலு தடவை குளித்தான். நாற்றம் போய்விட்டது. சனிக்கிழமை எவாஞ்சலின் வந்தால் அவலும் பொடியும் கரைத்துக் கொடுத்துவிடலாம், வத்தல் இந்த வருஷம் கெட்டுப்போச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போயிற்று. அன்றைக்கு அவன் நன்றாகவே தூங்கினான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாள். வியர்வையில் நனைந்து, முகம் சிவந்து, கையில் குடையோடு நின்றாள். ஒன்பது மாதத்தில் பாதியாய் இளைத்திருந்தாள். மறுகையில் ஒரு பொட்டலம்.

"என்ன அண்ணே, சாப்பாட்டுச் சாமானை இப்படியா வாசல்ல போட்டு வைப்பீக? மிதிச்சிருப்பேன்" என்று நீட்டினாள்.

பெலிக்ஸ் வாங்கவில்லை. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், வாய் உருக்கி ஒட்டினது. மேலே நீல மையில் அவனுடைய கோணல் கையெழுத்து: ஆறாம் நாள், இரவு. மூலையில் போன வருஷத்துத் தேதி. ஆல்பர்ட் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தானே, அந்தப் பொட்டலம். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் ஆவி கோத்திருந்தது. அதைப் பிரிக்க முடியாமல் யாரோ பல்லால் கடித்துப் பார்த்த தடம் ஓரமெல்லாம் இருந்தது.

"இது நான் கட்டினதில்ல" என்று சொல்ல வாயெடுத்தான். கையெழுத்து? போன வருஷத்துது என்று சொல்லலாம். ஆனால் அவன் சொன்ன கதைப்படி அதைத்தான் ஆல்பர்ட் வயிறாரச் சாப்பிட்டுவிட்டானே. சாப்பிட்ட சாப்பாடு உருக்கி ஒட்டின வாயோடு எப்படி இங்கே வரும்? எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அந்தக் குடிசைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அவள் அவனைத் தாண்டி அடுக்களைக்குள் போய், தானே பாத்திரம் எடுத்து, தானே அடுப்பைப் பற்றவைத்தாள்.

"நீங்க உக்காருங்க அண்ணே. நானே காய்ச்சிப் படிச்சுக்கிடுதேன். அங்க போய் நாந்தான காய்ச்சணும்?"

கத்திரிக்கோலால் வாயை வெட்டினாள். புஸ்ஸென்று காற்று வந்தது. வீடு பூராவும் நிறைந்துவிட்டது, அதே நாற்றம். பெலிக்ஸ் முழங்கையில் மூக்கைப் புதைத்துக்கொண்டான். அவளோ குனிந்து முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்ல வாசம்" என்றாள்.

தண்ணீர் கொதித்தது. ஒவ்வொன்றாகப் போட்டாள். பளக். பளக். பளக். அவன் எண்ணக்கூடாது என்று நினைத்தான், எண்ணினான். பத்து. புளித்தூளைப் போட்டாள், மிளகாய்ப்பொடியைப் போட்டாள். குழம்பு தளதளவென்று கொதிக்கையில் கறுப்பாக ஒன்று மேலே வரும், புரளும், உள்ளே போகும். எண்ணெய் மாதிரி ஒரு படலம் மஞ்சளாக ஓரத்தில் கட்டியது. அதில் ஒரு மயிர் சுருண்டு கிடந்தது.

பானையில் இருந்த சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். நடுவில் ஒரே ஒரு துண்டு, ஊறி, உப்பி, தோல் வெடித்து.

"சாப்பிடுங்க. கட்டினவுகதான முதல்ல?" அவள் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மேசையில் அந்த வரைபடம். விரலால் மஞ்சள் கோட்டைத் தடவினாள். "அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டீகளே? ராத்திரியெல்லாம் ஒரே நெனப்பு. உசுரு போகும்போது நீங்க பக்கத்துல இருந்தீகதான? அவுக ஒத்தையில கெடக்கலையே?"

பெலிக்ஸ் தட்டைப் பார்த்தான்.

"பசியோட போகலையே?"

ஒரே வாக்கியம். நான் வரும்போது அவன் உயிரோடதான் இருந்தான். அதைச் சொன்னால் போதும், தட்டைத் தள்ளிவிடலாம். நாக்கு நுனியில் நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணிரண்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. சொல்லிவிட்டால் இந்தக் கண் எப்படி மாறும்? போலீஸ். ஆபீஸ். இன்பராணி. பிள்ளைகள்.

"ஏன் அண்ணே, சாப்பாடு நல்லாயில்லையா? கெட்டுப்போச்சுன்னா சொல்லிருங்க, கொட்டிருதேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்றான் பெலிக்ஸ். "நான் பக்கத்துலதான் இருந்தேன். வயிறார சாப்பிட்டான்."

எடுத்தான். சூடாக இருந்தது. வழுக்கியது. சோற்றோடு சேர்த்து உருட்டி, கண்ணை மூடி, வாயில் போட்டான்.

உப்பு. புளி. அதற்கடியில் ஒரு தித்திப்பு, அழுகின தித்திப்பு. பல் பதிந்தது. தோல் ரப்பராக இழுத்தது. அடியில் கறி. கறிக்கடியில் கடுக்கென்று எலும்பு. தகடு ஒன்று பெயர்ந்து ஈறில் குத்தியது. துப்பிவிடு. த்தூ என்று துப்பிவிடு. அவள் பார்க்கிறாள். வயிற்றிலிருந்து மேலே வந்ததைத் தொண்டையிலேயே பிடித்து, விழுங்கினான். சோறு இறங்கியது. அது இறங்கவில்லை.

"அப்பாடா" என்றாள் எவாஞ்சலின். கண் நிறைந்து வழிந்தது. எழுந்து பாத்திரத்தை எடுத்துவந்து, கரண்டியால் துழாவினாள். "இன்னும் ஒம்பது கெடக்கு அண்ணே. வெக்கப்படாமச் சாப்பிடுங்க."

ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தது. பெலிக்ஸ் தலையாட்டினான். வாயைத் திறக்க முடியாது. திறந்தால் தெரிந்துவிடும். உதட்டை இறுக மூடி, இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான். உள்ளே, நாக்கின்மேல், கடித்த காயத்தோடு கிடந்த அது, குளிரில் மரத்துப்போன கால்விரல் சூடு பட்டதும் உயிர் வந்து அசைகிற மாதிரி, மெதுவாக மடங்கி, மெதுவாக நீண்டது.